முடியாது என்று சொல்ல ஒரு வழி

நல்ல நடத்தை என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது சில சொற்கள்தான். நன்றி, மன்னிக்கவும், தயவுசெய்து. குழந்தைகளுக்கும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தச் சொற்கள் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கையில் ஒரு போனும் அதற்குள் சில நூறு பேரும் இருக்கிற இன்றைய வாழ்க்கையில், ஒருவர் பண்பானவரா என்று பார்க்க எனக்கு அந்தச் சொற்கள் போதவில்லை. ரொம்ப மிருதுவாகப் பேசியே அடுத்தவரை மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பேர் முன்னால் "தயவுசெய்து இதை நீங்கள் எடுத்துச் செய்ய முடியுமா" என்று கேட்டால், வாக்கியம் எவ்வளவு மரியாதையாக இருந்தாலும் கேட்கப்பட்டவருக்கு ஒரே ஒரு பதில்தான் மிச்சம் இருக்கிறது. அதனால் நான் வேறொன்றைப் பார்க்கிறேன். இவர் என்னிடம் ஒன்றைக் கேட்கும்போது, அல்லது என் நேரத்தையோ காதையோ படத்தையோ எடுத்துக்கொள்ளும்போது, "இல்லை, இப்போது முடியாது" என்று நான் சங்கடமில்லாமல் சொல்ல இடம் விடுகிறாரா? இடம் விடுகிறவர் கரகரவென்று பேசினாலும் எனக்கு அவர் பண்பானவர்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மறுப்பது அடுத்தவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது கேட்கிறவருக்குத் தெரிவதே இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் வனேசா போன்ஸ் என்ற சமூக உளவியலாளர் பல ஆண்டுகளாக இதையே ஆராய்கிறார். ஃபிராங்க் ஃப்ளின் என்பவரோடு சேர்ந்து 2008-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் போய்ச் சின்னச் சின்ன உதவிகள் கேட்கச் சொன்னார்கள். எத்தனை பேர் சரி என்பார்கள் என்று கேட்கப் போனவர்கள் போட்டிருந்த கணக்கு, உண்மையில் நடந்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. மனிதர்கள் நல்லவர்கள், கேட்டால் உதவுவார்கள் என்று இதைப் படிக்கலாம், அது பாதி உண்மை. மீதிப் பாதி 2014-இல் வந்த இன்னொரு ஆய்வில் தெரிகிறது. நூலகப் புத்தகம் என்று சொல்லி ஒரு புத்தகத்தை நீட்டி, இதில் பேனாவால் ஒரு வார்த்தை எழுதித் தருகிறீர்களா என்று தெரியாதவர்களிடம் கேட்கிறார்கள். தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். பலர் தயங்கினார்கள். அப்படியும் பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எதிரே நிற்கிற ஒருவரின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்வது அவ்வளவு பாரம்.

2017-இல் வெளியான மூன்றாவது ஆய்வுதான் என் பழக்கத்தை நிஜமாகவே மாற்றியது. ஒரே வேண்டுகோளை நேரில் கேட்டால் என்ன ஆகிறது, மெயிலில் கேட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். நேரில் கேட்டது 34 மடங்கு அதிகமாகப் பலித்தது. விற்பனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் எப்போதும் நேரில் போய்க் கேள்" என்று பாடம் எடுப்பார்கள். எனக்கு இது நேர் எதிராகத்தான் படுகிறது. நேரில் கேட்டால் மறுக்க முடியாது என்றால், அடுத்தவர் மனமார ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயத்தை எழுதித்தான் கேட்க வேண்டும். கடன் கேட்பது, ஒரு வாரம் வீட்டில் தங்கலாமா என்று கேட்பது, பையனுக்கு வேலைக்குச் சொல்லிவிடச் சொல்வது, இதெல்லாம் இப்போது நான் எழுத்தில்தான் கேட்கிறேன். படித்துவிட்டு முகம் சுளிக்கலாம், வீட்டில் கலந்து பேசலாம், நாளைக்கு யோசித்து "இப்ப முடியலப்பா" என்று எழுதலாம். அந்த முகச்சுளிப்பை நான் பார்க்காமல் இருப்பதே அவருக்கு நான் தரும் மரியாதை. எழுத்தில் கேட்பது ஒட்டாத பழக்கம், நேரில் வந்து கேட்பதுதான் மரியாதை என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் வந்து கேட்டபோது சரி என்று சொல்லிவிட்டு இரவெல்லாம் புரண்டவர்களை அவர்கள் பார்த்ததில்லை.

கேட்கும் விதத்தில் ஒரு குறிப்பிட்ட பொறி இருக்கிறது, எனக்கு அதன் மேல் தீராத கோபம். "சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீயா?" எதற்கு என்று சொல்வதில்லை. ஃப்ரீதான் என்று சொன்ன அடுத்த நிமிடம், "அப்ப வீடு மாத்துறதுக்குக் கொஞ்சம் வந்துடேன்" என்று வருகிறது. இப்போது முடியாது என்றால் ஒன்று நான் பொய் சொன்னவர், இல்லை மனசில்லாதவர். ஃப்ரீ இல்லை என்று சொல்லியிருந்தாலோ, நான் ஆசைப்பட்டுப் போயிருக்கக்கூடிய ஒரு நல்ல அழைப்பு கைநழுவிப் போயிருக்கும். இரண்டு பக்கமும் அடைபட்ட கேள்வி இது. "சனிக்கிழமை வீடு மாத்துறோம், ரெண்டு மணி நேரம் ஆள் தேவைப்படுது, முடிஞ்சா சொல்லு, இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறோம்" என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்! கடைசியில் வரும் அந்த "வேற ஆள் பாத்துக்கறோம்"தான் முக்கியம். தான் மறுத்தால் எதுவும் இடிந்து விழாது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

மொழியியலில் இதற்கு ஒரு கோட்பாடே இருக்கிறது. பெனிலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் 1978-இல் முன்வைத்தது, 1987-இல் தனிப் புத்தகமாக வந்தது. மனிதருக்கு இரண்டு ஆசைகள் இருக்கின்றன, ஒன்று மற்றவர்கள் தன்னை மதித்து ஏற்க வேண்டும் என்பது, இன்னொன்று தன்னை யாரும் தடுக்காமல், கட்டாயப்படுத்தாமல் விட வேண்டும் என்பது, மரியாதைப் பேச்சு முழுக்க இந்த இரண்டையும் காப்பாற்றத்தான் என்பது அவர்கள் வாதம். அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்ட்டால், அப்புறம் நம் தமிழ். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று மொழிகளிலும் மக்கள் நேராகக் கட்டளையிடாமல் சுற்றி வளைத்துத்தான் கேட்கிறார்கள். அந்தச் சுற்றலில் அர்த்தம் இருக்கிறது. அடுத்தவர் நழுவிப் போக ஒரு சந்து விடுவதற்காகத்தான் மொழி அப்படி வளைகிறது. நாம்தான் வளைவை மட்டும் வைத்துக்கொண்டு நழுவும் வழியை அடைத்துவிடுகிறோம்.

போனுக்கு வருகிறேன், ஏனென்றால் இன்றைக்கு அதிகமான அத்துமீறல் அங்கேதான். முன்னறிவிப்பில்லாமல் கூப்பிடுவது தப்பு என்று ஒரு தலைமுறை நினைக்கிறது. கூப்பிடுவதற்கும் அனுமதியா என்று இன்னொரு தலைமுறைக்குக் கோபம் வருகிறது. இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். கூப்பிட்டதற்கு எடுக்காமல் விடலாம் என்பது இருவருக்கும் புரிந்திருந்தால் கூப்பிடுவதில் தப்பே இல்லை. எடுக்கவில்லை என்றதும் மறுபடி, மறுபடி, அப்புறம் வீட்டில் இன்னொருவர் போனுக்கு என்று அடிப்பதுதான் பிரச்சினை. அதைவிட மோசம், "ஒரு முக்கியமான விஷயம், உடனே கூப்பிடு" என்று விஷயத்தைச் சொல்லாமல் அனுப்புவது. வயதான பெற்றோர் வேறெங்கோ இருக்கிற ஒருவருக்கு அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று யோசிக்க வேண்டும். கடைசியில் விஷயம் ஒரு பாஸ்வேர்டாக இருக்கும். "அவசரமில்லை, பாஸ்வேர்டு கேட்கத்தான்" என்று இன்னும் சில எழுத்துகள் தட்டியிருந்தால் ஒருவரின் அரை மணி நேரத் தவிப்பு மிச்சமாகியிருக்கும். வெறும் "ஹாய்" அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பதும் இதே குடும்பம்தான். வந்தது என்ன வேலை என்று தெரிவதற்கு முன்பே நாம் பதில் சொல்லி உட்கார்ந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அது.

வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில். படித்துவிட்டார் என்பது அனுப்பியவருக்குத் தெரிகிற வசதி. எதிர்ப்பு கிளம்பி, சீக்கிரமே அதை அணைத்துவைக்கும் வழியையும் அவர்கள் தர வேண்டி வந்தது. படித்ததும் பதில் சொல்வதும் ஒன்றல்ல என்பதை மக்கள் உடனே உணர்ந்தார்கள். ஆனால் பழக்கம் இன்னும் மாறவில்லை, "பாத்துட்டு பதில் போடல" என்பது இன்றைக்கும் சண்டைக்குப் போதுமான காரணமாக இருக்கிறது. ஒருவர் செய்தியை மருத்துவமனை வரிசையில் நின்று படித்திருக்கலாம், அழுதுகொண்டே படித்திருக்கலாம். பதில் தாமதமானதை என் மேல் இருக்கிற மதிப்பின் அளவாக எடுத்துக்கொண்டால் அவருக்கு நான் மூச்சுவிட இடம் தரவில்லை என்றுதான் அர்த்தம். வாய்ஸ் மெசேஜ் பற்றியும் ஒரு வார்த்தை. அனுப்புகிறவருக்கு நேரம் மிச்சம், கேட்கிறவருக்குச் செலவு. மேலோட்டமாகப் பார்க்க முடியாது, கூட்டத்தில் கேட்க முடியாது, காது மந்தமானவர்களுக்கு அது சித்திரவதை. எழுதத் தெரியாதவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் அது பெரிய வரம் என்பதால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஐந்து நிமிடம் பேசி அனுப்பினால் கூடவே எதைப் பற்றி என்று ஒரு வரி எழுதுங்கள், அவ்வளவுதான்.

அலுவலக விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. வனேசா போன்ஸும் இன்னொரு ஆய்வாளரும் 2021-இல் வெளியிட்ட ஒன்று: வேலை நேரம் முடிந்தபின் அவசரமில்லாத மெயில் அனுப்புகிறவர் எவ்வளவு சீக்கிரம் பதில் எதிர்பார்க்கிறாரோ, அதைவிடச் சீக்கிரமாக எதிர்பார்க்கிறார் என்றே பெறுகிறவர் நினைத்துக்கொள்கிறார். அனுப்பியவர் மனதில் நாளைக்குப் பார்த்தால் போதும். பெற்றவர் மனதில் இப்போதே. ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், இரவு பத்து மணிக்கு ஞாபகம் வந்ததை மறப்பதற்குள் அனுப்பிவைத்த மேலாளர் ஒருவர், கீழே வேலை பார்க்கிறவரின் தூக்கத்தைக் கெடுத்துவிடுகிறார். அவசரமில்லை, நாளை பார்த்தால் போதும் என்று அனுப்பியவரே தெளிவாக எழுதிவிட்டால் இந்தப் பாரம் குறைகிறது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சட்டம் நல்லதுதான். ஆனால் மேலே இருப்பவருக்கு "நாளை காலை அனுப்பு" என்று மெயிலை நேரம் குறித்து வைக்கத் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கேதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வருகிறது. மறுக்க இடம் விட வேண்டிய கடமை எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் அது அதிகம். கீழே இருக்கிறவர் மேலே இருப்பவரிடம் மரியாதையாகப் பேசுவது பண்பா, பயமா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் எப்படி இருக்கிறார் என்பதில் ஒளிவு மறைவு கிடையாது. சம்பளத்துக்காகச் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருக்கிறவர், உதவி எண்ணில் மறுமுனையில் பேசுகிறவர், பொருளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்கு ஓட வேண்டியவர், இவர்கள் யாரும் நம்மை விட்டுப் பாதியில் எழுந்து போக முடியாது. நம் கோபம், நம் கதை, நம் நகைச்சுவை எல்லாவற்றையும் அவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். எழுந்து போக முடியாதவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ அதுதான் நம் நிஜமான நடத்தை என்று நான் நம்புகிறேன். அங்கே கடுமையாகப் பேசுகிற ஒருவர் என்னிடம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் எனக்கு அந்த இனிமை ஒட்டுவதில்லை.

இது வெறும் மனவருத்தம் சம்பந்தப்பட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பரிசோதனையைச் சொல்ல வேண்டும். இஸ்ரேலில், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் மருத்துவர்களும் செவிலியர்களும் அடங்கிய 24 குழுக்களை வைத்து நடத்தியது, 2015-இல் வெளிவந்தது. பொம்மைக் குழந்தையை வைத்துச் சிகிச்சை ஒத்திகை. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் கவனிப்பார் என்று சொல்லியிருந்தார்கள். சில குழுக்களிடம் அந்த நிபுணர் அவர்கள் நாட்டு மருத்துவத் தரத்தைப் பற்றி இளக்காரமாகப் பேசினார், மற்றவர்களிடம் சாதாரணமாகப் பேசினார். திட்டவில்லை, கத்தவில்லை, இளக்காரம் மட்டும்தான். அதைக் கேட்ட குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. எப்படி என்று பார்த்தால், தங்களுக்குள் தகவலைச் சொல்லிக்கொள்வதும், ஒருவரை ஒருவர் உதவிக்குக் கூப்பிடுவதும் குறைந்திருந்தது. ஒரு இளக்காரச் சொல் விழுந்ததும் மனிதர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். "டாக்டர், இந்த அளவு சரியா என்று ஒரு தடவை பாருங்கள்" என்று சொல்ல வேண்டிய செவிலியர் சொல்லாமல் விடுகிறார். அந்தப் படுக்கையில் நிஜக் குழந்தை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

மீட்டிங்குகளில் நடப்பது இதன் சின்ன வடிவம். "யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா? இல்லையா, சரி, அடுத்தது" என்று ஒரே மூச்சில் போகிறவரை எல்லாரும் பார்த்திருப்போம். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளில் கவனித்தது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்பது. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, கேட்காமலே பேசுகிற மாணவர்கள் கூடினார்கள். பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கான இடைவெளி உலகம் முழுக்கவே மிகச் சிறியது, பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009 ஆய்வு அதை ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு என்று காட்டியது. அதனால்தான் மூன்று நொடி மௌனம் நமக்கு யுகமாகத் தெரிகிறது. வீடியோ காலில் இணையத் தாமதமும் சேர்ந்துகொள்ள, தயங்கிப் பேசுகிறவருக்கு முறையே வருவதில்லை. கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மாறுபட நினைக்கிறவருக்கு அந்த மூன்று நொடிதான் நுழைவாயில்.

பொது இடத்தில் போனில் சத்தமாகப் பேசுவது, ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பது பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்த தொல்லைதான். ஆனால் அடுத்தவரின் போன் பேச்சு ஏன் அவ்வளவு எரிச்சலூட்டுகிறது என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. லாரன் எம்பர்சன் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2010-இல் காட்டியது: இரண்டு பேர் பேசுவதைக் கேட்பதைவிட, போனில் ஒருவர் மட்டும் பேசுகிற பாதி உரையாடலைக் கேட்பது நம் கவனத்தை அதிகம் குலைக்கிறது. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாததால் மூளை அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. "கவனிக்காம இருங்க" என்று சொல்வது எளிது, கேட்கிறவர் கையில் அது இல்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பலாம், காதை எந்தப் பக்கம் திருப்புவது? சோனி நிறுவனம் 1979-இல் முதல் வாக்மேனை விட்டபோது அதில் இரண்டு ஹெட்போன்கள் மாட்ட வசதி வைத்தது, பாட்டின் ஒலியைக் குறைத்துப் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஒரு தனிப் பொத்தானும் வைத்தது. தனியாகக் காதை மூடிக்கொண்டு கேட்பது கூட இருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று சோனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா நினைத்தார். அந்தக் கவலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இன்று நாம் அதற்கு எதிர்முனைக்கு வந்துவிட்டோம், ஹெட்போன் மாட்டிக்கொண்டால் அதுவே பெரிய நாகரிகம்.

அறிமுகமில்லாதவர்கள் பொது இடத்தில் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்து, பிறகு பார்வையை விலக்கிக்கொள்வதைச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-லேயே கவனித்து எழுதினார். நீ இருக்கிறாய் என்று தெரியும், உன்னை நான் துருவ மாட்டேன் என்கிற பேசாத ஒப்பந்தம் அது. போன் கேமரா அந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டது. ஒருவர் தடுக்கி விழுகிறார், ஒருவர் அழுகிறார், ஒருவர் தூக்கத்தில் வாயைத் திறந்திருக்கிறார், உடனே படம், உடனே பதிவு. அவருக்குத் தெரியவே தெரியாது. மறுக்க வாய்ப்புத் தராதது மட்டுமல்ல இது, மறுக்க வேண்டிய ஒன்று நடக்கிறது என்பதையே அவருக்குத் தெரியாமல் செய்வது. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். குளிக்கிற குழந்தை, திட்டு வாங்கி அழுகிற குழந்தை, மதிப்பெண் குறைந்த குழந்தை, இந்தப் படங்களுக்கெல்லாம் சரி சொல்ல அந்தக் குழந்தைக்கு வயதில்லை. வளர்ந்த பிறகு வேண்டாம் என்று சொன்னாலும் திரும்பப் பெற வழியில்லை. தாத்தா பாட்டி பாசத்தில் போடுகிறார்கள், அவர்களைக் கடிந்துகொள்ள மனசு வராது, ஆனாலும் பெற்றோர் சொல்லித்தான் ஆக வேண்டும். தனியாகச் சொன்னதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்னொருவருக்கு அனுப்புவது பற்றி நான் விவாதிக்கவே தயாரில்லை. அது திருட்டு.

வாட்ஸ்அப் குரூப்பில் ஆட்களைக் கேட்காமல் சேர்ப்பதும் இதில் சேரும். 2019-இல் என்னை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்று நாமே தீர்மானிக்கும் அமைப்பு வந்தது, பலருக்கு அது இருப்பதே தெரியாது. சேர்ப்பது ஒரு தட்டு, ஆனால் வெளியேறுவது ஒரு அறிவிப்பு. முன்பெல்லாம் இன்னார் வெளியேறினார் என்று எல்லாருக்கும் காட்டும், 2022-க்குப் பிறகு நிர்வாகிகளுக்கு மட்டும் தெரியும்படி மாற்றினார்கள். அந்த மாற்றத்தைச் செய்தவர்களுக்கு மனிதர்களின் சங்கடம் புரிந்திருக்கிறது.

அப்புறம் கேள்விகள். கல்யாணம் எப்போது, குழந்தை ஏன் இன்னும் இல்லை, எவ்வளவு சம்பளம், ஏன் இவ்வளவு இளைத்துவிட்டாய். கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் கெட்டவர்கள் இல்லை, அக்கறையில்தான் கேட்கிறார்கள், வேறென்ன பேசுவது என்று தெரியாமலும் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதே ஒரு பதிலாகிவிடுகிறது. சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிற ஒருத்தி, கூட்டத்தின் நடுவில் "ஏன் இன்னும் விசேஷம் இல்லை" என்ற கேள்விக்கு என்ன சொன்னாலும் அது அவள் சொல்ல விரும்பியதைவிட அதிகம். இதற்குப் பதிலாக "எப்படி இருக்கே, என்ன போயிட்டிருக்கு?" என்று அகலமாகக் கேட்டால், சொல்ல விரும்புகிறவர் எல்லாவற்றையும் சொல்வார், விரும்பாதவர் வெயிலைப் பற்றிப் பேசுவார். இரண்டும் சரிதான்.

உதவி செய்வதிலும் இது உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சக்கர நாற்காலியில் இருக்கிற என் தோழி ஒருத்திக்கு அதிகம் கோபம் வருவது முரடர்கள் மேல் இல்லை, கேட்காமல் பின்னாலிருந்து நாற்காலியைத் தள்ளுகிற நல்லவர்கள் மேல். அந்த நாற்காலி அவளுக்குத் தன் உடம்பின் ஒரு பகுதி மாதிரி. அறிமுகமில்லாத ஒருவர் நம் தோளைப் பிடித்து நகர்த்தினால் எப்படி இருக்கும்? வெள்ளைக் கோலோடு நடக்கிறவரைக் கையைப் பிடித்து இழுத்துச் சாலை கடக்க வைப்பதும் அப்படியே, அவர் கடக்க நினைத்தாரா என்றுகூடப் பலர் கேட்பதில்லை. "உதவி வேணுமா?" என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்க வேண்டும். வேண்டும் என்றால் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள், எவ்வளவு வேகம், எப்போது விடுவது என்பது அவர் கையில் இருக்கும். வேண்டாம் என்றால் சரி என்று போய்விடுங்கள். முகம் வாடக் கூடாது. கூட வந்தவரிடம் "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்காமல் அவரிடமே கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இப்படி ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டால் உறவு என்னத்துக்கு, எல்லாரும் அந்நியர்களாக அல்லவா ஆகிவிடுவோம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, நானும் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். என் நெருங்கிய நண்பர்கள் நேரம் காலம் பார்க்காமல் கூப்பிடுவார்கள், எனக்கு அது சந்தோஷம். ஏன் என்றால் "இப்ப முடியாது, வை" என்று மூன்றே வார்த்தையில் நான் வைத்துவிடலாம், ஒன்றும் ஆகாது. மறுப்பதற்கு அங்கே விலையே இல்லை. நெருக்கம் என்பதே அதுதான், அதனால் அங்கே சடங்கு தேவைப்படுவதில்லை. தகராறு வருவது நெருக்கம் இருப்பதாக ஒருவர் மட்டும் நினைத்துக்கொள்ளும் இடத்தில். மாமனார் மருமகளிடம், முதலாளி தொழிலாளியிடம், மூத்தவர் இளையவரிடம் "நமக்குள்ள என்ன" என்று சொல்லும்போது, மற்றவரும் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியுமா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதே சமயம் தனியாக வாழ்கிறவர்கள் விஷயத்தில் நான் இந்தப் பக்கமும் யோசிக்கிறேன். தொந்தரவு செய்யக் கூடாது என்று எல்லாரும் ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் அவர் வாரக்கணக்கில் குரலே கேட்காமல் இருப்பது மரியாதை இல்லை. அங்கே கூப்பிடத்தான் வேண்டும். எடுக்கவில்லை என்றால் கோபப்படாமல் இருந்தால் போதும்.

பதில் எதிர்பார்க்காமல் கொடுப்பது என்று ஒரு வகை இருக்கிறது, அது குறைவாகத்தான் நடக்கிறது. ஒருவர் வீட்டில் மரணம். நூறு பேர் "எப்படி ஆச்சு?" என்று கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையை அவர் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. "செய்தி கேட்டேன். உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுத வேண்டாம்" என்று வரும் ஒரு செய்தி அந்த நூறுக்கு நடுவில் என்ன செய்யும் என்று, அப்படி ஒன்றைப் பெற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நன்றியும் அப்படித்தான். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் 2018-இல் செய்த ஆய்வில், தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்தது தப்பாகப் போனது, அவர்கள் நினைத்ததைவிடப் பெற்றவர்கள் அதிகம் மகிழ்ந்தார்கள். எப்போதோ பாடம் சொல்லித்தந்த ஆசிரியருக்கு, உடம்பு முடியாதபோது கூடவே இருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு, ஒரு காரணமும் இல்லாமல் இன்றைக்கு எழுதலாம். அவர்களிடம் கேட்க ஒன்றுமில்லாத நாளில் எழுதினால் இன்னும் நல்லது, அப்போதுதான் அதற்குப் பின்னால் ஒரு வேண்டுகோள் வருமோ என்று அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக மறுக்கிறவரின் பக்கம். கேட்டவர் இடம் விட்டிருக்கிறார் என்றால் அந்த இடத்தை நேரத்தோடு பயன்படுத்துவது நம் பொறுப்பு. "பாக்கலாம்", "முயற்சி பண்றேன்" என்று இழுத்து, கடைசி நாளில் போனை எடுக்காமல் விடுவதைவிடக் கொடுமை வேறில்லை, அவர் வேறு ஆளைத் தேடும் காலத்தையும் நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். முடியாது என்றால் அன்றே சொல்லிவிடலாம், காரணங்களை அடுக்க வேண்டியதில்லை, பொய்க் காரணம் நிச்சயம் வேண்டாம். கேட்டவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. "ஏன், அப்படி என்ன வேலை?" என்று துருவாமல் சரி என்று விட்டுவிடுவது. அதோடு, இந்தத் தடவை மறுத்தார் என்பதற்காக அடுத்த அழைப்பிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடாமல் இருப்பது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வருடமும் தன் நண்பர்களைக் கூட்டி எங்காவது போவார். உடம்பு காரணமாக ஒருமுறைகூட வர முடியாத ஒரு நண்பர் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவருக்கும் ஒவ்வொரு வருடமும் முதல் ஆளாகச் செய்தி போகிறது: இந்தத் தேதி, இந்த இடம், முடிஞ்சா வா, முடியலைன்னா படம் அனுப்பறேன். அவரும் அன்றே பதில் போட்டுவிடுவார், இந்தத் தடவையும் படம்தான் என்று.